மாலையும் மரியாதையும் போதுமா?



ஒவ்வொரு பள்ளி விடுமுறைக்கு முன்பும் சபைகூடலில் மாணவர்களை எச்சரிக்கிறோம்: "ஆற்றுப் பக்கம் போகாதீர்கள், குட்டையில் இறங்காதீர்கள்." அதையும் மீறி ஒரு பிள்ளை நீரில் மூழ்கிவிட்டால், அவனைத் தேடி இன்னொருவர் வீட்டுப் பிள்ளை இறங்குகிறார். அவருக்குப் பயிற்சி கொடுத்தவர் யார்? அப்படிப் பயிற்சி கொடுக்க அவருக்கு என்ன தகுதி இருந்தது? இக்கேள்விகளை நாம் கேட்பதே இல்லை. இன்று அதைக் கேட்கவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

2018 அக்டோபர் 3ஆம் நாள் இரவை நினைத்துப் பாருங்கள். பூச்சோங், தாமான் புத்ரா பெர்டானாவில் கைவிடப்பட்ட சுரங்கக் குட்டையில் 17 வயது இளைஞர் ஒருவர் விழுந்துவிட்டார். அவரைத் தேடி இறங்கிய தீயணைப்பு மீட்புத் துறையின் முக்குளிப்பு வீரர்கள் அறுவர் மாண்டனர். அறுவரும் ஒரே கயிற்றில் பிணைக்கப்பட்டிருந்தனர் என்றும், திடீர் நீர்ச்சுழலில் சிக்கி அவர்களின் சாதனங்கள் கழன்றுபோயின என்றும் காவல்துறை அப்போது தெரிவித்தது. நாடே கலங்கியது. வீரர்கள் என்றோம், தியாகிகள் என்றோம். அவை யாவும் உண்மை. ஆனால், புகழுரை முடிந்ததும் கேள்வியும் முடிந்துவிட்டதே, அதுதான் என் வருத்தம்.

"முக்குளிப்புச் சான்றிதழ் இருந்தால் போதாதா?" என்று சிலர் கேட்கலாம். போதாது. உல்லாச முக்குளிப்பில் தொடக்கநிலைச் சான்றிதழ் பெற்றவர் தெளிந்த கடலில், பகல் வெளிச்சத்தில், 18 மீட்டர் ஆழம் வரை தோழர் ஒருவருடன் இறங்கக் கற்றவர். ரெடாங் தீவில் பவளப்பாறை காண அது போதும். சுரங்கக் குட்டையின் நிலைமை வேறு. அங்கே தன் கையே தன் கண்ணுக்குத் தெரியாது. தடவித் தடவித்தான் தேடவேண்டும். முள்வேலியும் மரக்கிளையும் சேறும் காத்திருக்கும்.

மதகும் குழாய்வாயும் உள்ள நீர்நிலை என்றால் ஆபத்து இன்னும் பெரிது. ஆறாம் ஆண்டு மாணவனும் கணக்கிடக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். இருபுற நீர்மட்டத்திற்கும் இடையே 3 மீட்டர் வேறுபாடு இருக்கிறது. நடுவே 30 சென்டிமீட்டர் சதுரத் திறப்பு ஒன்று உள்ளது என வைத்துக்கொள்வோம். அதை அடைத்துக்கொள்ளும் உடலின்மீது ஏறத்தாழ 270 கிலோகிராம் எடைக்கு இணையான விசை அழுத்தும். எந்த வீரத்தாலும் அதை உதறிவிட்டு வரமுடியாது. இறங்குவதற்கு முன் அந்த இடத்தைக் கண்டறிந்து விலகுவதே ஒரே வழி. அதைக் கற்பிக்கத் தெரிந்தவரே ஆசான்.

அதே 2018இல், தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் 12 சிறுவர்களும் அவர்களின் பயிற்றுநரும் சிக்கிக்கொண்டதை மறந்திருக்க மாட்டீர்கள். தாய்லாந்துக் கடற்படையின் சிறப்புப் படையினர் துணிவில் எவருக்கும் குறைந்தவரல்லர். ஆனால் அவர்களின் பயிற்சி திறந்த கடலுக்கானது. சிறுவர்களை முதலில் கண்டுபிடித்தவர்கள் ரிக் ஸ்டாண்டன், ஜான் வொலாந்தன் என்னும் பிரிட்டன் நாட்டுக் குகை முக்குளிப்பாளர்கள். பல்லாண்டுகளாகக் குகைநீரிலேயே பழகியவர்கள் அவர்கள். அக்கடற்படையின் முன்னாள் வீரர் சமான் குணான் ஜூலை 6ஆம் நாள் அக்குகையில் உயிரிழந்தார். ஒரு நீரில் பெற்ற திறமை இன்னொரு நீரில் தானாக வந்துவிடாது.

நம் தொழிலையே எடுத்துக்கொள்வோம். வகுப்பறையில் ஒருநாளும் நின்றறியாத ஒருவர் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்க வந்தால் ஏற்றுக்கொள்வோமா? பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எத்தனை பேர் எழுந்து நிற்பார்கள்! சுற்றுப்பயணிகளுக்கு மீன் காட்டிய அனுபவத்தை மட்டும் கொண்டவர் மீட்புப் படையினருக்கு ஆசானாவது அதைவிடக் கொடிது. இங்கே பிழைபட்டால் மறுதேர்வு கிடையாது.

அமெரிக்காவில் என்.எஃப்.பி.ஏ. 1006 என்னும் தகுதிவிதி, அதன் 2021ஆம் ஆண்டுப் பதிப்பில், முக்குளிப்பு மீட்பைத் தனி இயலாக வைத்து மூன்று படிநிலைகளாகப் பிரித்திருக்கிறது. ஆபத்தை அறிபவர் ஒருவர், பணியில் துணைநிற்பவர் ஒருவர், முழுத் தேர்ச்சி பெற்றவர் ஒருவர். மீட்பு முக்குளிப்பின் பாலபாடமும் எளிதே: இறங்குபவர் ஒருவருக்கு ஒரு தனிக்கயிறு, அக்கயிற்றைக் கரையில் பிடிக்க ஒருவர், முழுக் கவசத்துடன் உடனே இறங்க ஆயத்தமாக மாற்று வீரர் ஒருவர், முதல் கலன் தீர்ந்தால் மூச்சுவிட இரண்டாம் காற்றுக்கலன்.

"விதி பார்த்துக்கொண்டிருந்தால் உயிர் போய்விடாதா?" என்பது அடுத்த கேள்வி. உயிர் இருக்கும் வேளை வேறு. உடலைத் தேடும் வேளை வேறு. நீரில் மூழ்கி மணிக்கணக்கில் ஆனபின், விடியும்வரை பொறுப்பதால் இழப்பதற்கு ஒன்றுமில்லை. இருளில் இறங்குவதால் இழக்கக்கூடியதோ இன்னோர் உயிர்.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் என் முன்னாள் மாணவன் ஒருவன் குட்டையில் மூழ்கியபோது நானும் கரையில் நின்றேன். "இன்னும் ஏன் இறங்காமல் நிற்கிறீர்கள்?" என்று ஓர் இளம் வீரரிடம் சத்தமிட்டேன். கயிறு பிடிப்பவர் வந்து சேரவில்லை, வந்ததும் இறங்குகிறோம் என்று அவர் அமைதியாகச் சொன்னார். அன்று அவரைக் கோழை என்று நினைத்தேன். பூச்சோங் செய்தியைப் படித்த இரவில்தான் எனக்குப் புரிந்தது: அங்கே நன்கு பயின்றவர் அவர், பயிலாதவன் நான். என் சத்தத்திற்குப் பணிந்து அவர் இறங்கியிருந்தால், அவர் வீட்டு வாசலில் நான் எந்த முகத்தோடு நின்றிருப்பேன்?

ஆகவே, நாம் கேட்கவேண்டியவை மூன்று. மீட்பு முக்குளிப்பைக் கற்பிப்பவர், கலங்கிய நீரில் மீட்புப்பணி செய்து தேர்ந்தவராக இருக்கவேண்டும்; அத்தகுதியைக் குறித்த காலத்தில் மீண்டும் மெய்ப்பிக்கவேண்டும். கரையில் நிற்கும் கடைநிலை வீரரும் "இப்போது இறங்கமுடியாது" என்று சொல்லும் உரிமை எழுத்தில் இருக்கவேண்டும். இவ்விதிகளைப் பொதுமக்கள் படித்தறியுமாறு வெளியிடவேண்டும். அடுத்த சங்கக் கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாகவே கொண்டுவாருங்கள்.

நாம் செய்யவேண்டியது ஒன்றும் உண்டு. கரையில் நிற்க நேர்ந்தால், வாய்மூடி நிற்கக் கற்றுக்கொள்வோம். நம் பிள்ளைக்காக இறங்குபவரும் ஒரு தாய்க்குப் பிள்ளையே.