பக்கிள் ஓடை முடியுமிடம்

தூத்துக்குடி நகரத்தின் மழைநீரோடு கழிவுநீரும் கலந்து திரேஸ்புரத்தருகே சமுத்திரத்தில் விழுகின்ற பக்கிள் ஓடையைத் தூய்மை செய்வது பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் யந்திரங்களையே நாடுகிற நாம், 1950களில் ஜெர்மனியில் கேத்தே ஸைடல் என்ற அம்மையார் ஆராய்ந்து காட்டிய செயற்கைச் சதுப்புநிலம் என்னும் உபாயத்தையும் பரிசீலிப்பது நலம். 1961-க்குப் பிறகு இக்கடலில் முத்துக்குளிப்பு நடைபெறாமைக்கு இவ்வோடையைக் குற்றவாளியாக்க நான் துணியேன். ஆயினும், 1989-ல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடாவின் வாசலில் சாக்கடையை விடுவது எந்த நியாயத்துக்கும் அடங்காது.

இச்சதுப்பில் நடப்படும் கோரையும் நாணலும் சம்பும் அழுக்கைக் குடித்துவிடுகின்றன என்று ஜனங்கள் நினைப்பது பாதி உண்மைதான். வேர்களைச் சுற்றிக் கசியும் சிறிதளவு பிராணவாயுவில் ஒருவகை நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்ற, அதனருகிலேயே காற்றுப் புகாத சேற்றில் வேறுவகை நுண்ணுயிர்கள், கழிவிலும் மட்கிய தண்டிலுமுள்ள கரியை ஆகாரமாகக் கொண்டு, அந்த நைட்ரேட்டைச் சாதாரண நைட்ரஜனாக்கி ஆகாயத்துக்கே திருப்பி அனுப்பிவிடுகின்றன. கரி இல்லாவிடில் இக்காரியம் நடவாது. பாஸ்பரஸுக்கோ ஆகாய மார்க்கம் கிடையாது; அது பாத்தியின் மண்ணிலும் சரளைக்கல்லிலுமுள்ள இரும்பையும் சுண்ணாம்பையும் பற்றிக்கொண்டு தங்கும்; இடம் நிறைந்த பின் அப்படியே கடலுக்குப் போகும். வளர்ந்த சம்பை அறுத்து அப்புறப்படுத்தாவிட்டால், அது அழுகி, உண்டதெல்லாம் மறுபடியும் நீரிலேயே சேரும்.

திறப்பு விழாவோடு மறந்துபோகும் நம் வழக்கத்துக்கு இது ஏற்ற வேலையன்று. ஆகவே அறுவடைக் கூலியும் சரளைக்கல் மாற்றும் செலவும் ஆண்டுதோறும் மாநகராட்சியின் வரவுசெலவுத் திட்டத்தில் இடம்பெற வேண்டும். அதற்கு மனமில்லையேல் தொடங்காதிருப்பதே உத்தமம்.

கரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நன்னீர்ச் சதுப்பு கரியைச் சேற்றில் புதைத்து வைத்தாலும் மீத்தேனாகவும் கொஞ்சம் வெளிவிடும். உவர்நீரிலுள்ள சல்பேட்டோ அந்த மீத்தேன் உற்பத்தியை வெகுவாகத் தடுக்கிறது. இதனால், ஓடையின் மேற்பகுதியில் சம்பும் நாணலும், வேலியேற்றம் எட்டும் முகத்துவாரத்தில் அலையாத்தியும் என்று பிரித்து நடுவதே இவ்வூருக்குப் பொருந்தும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய 2023 டிசம்பரைப் பார்த்தவர்கள், பெருவெள்ளம் பாத்திகளை அரித்துச் செல்லாதபடி பக்கவாட்டில் ஒரு வடிகால் வெட்டுவதையும் வரைபடத்திலேயே சேர்க்கச் சொல்வார்கள்.