பட்டினியின்றி மெலிவது எங்ஙனம்?

உடல் பருத்துவிட்டது எனக் கண்டதும் நம்மவர் முதலிற் செய்வது மதிய உணவை நிறுத்துவதாகும். காலையில் ஒரு கோப்பை தேநீர், நண்பகலில் இரண்டு விசுக்கோத்து, மாலையில் மீண்டும் தேநீர் எனப் பகல் கழிகின்றது. இரவு எட்டு மணிக்கு அடுக்களையிற் புகுந்ததும், அதுவரை அடக்கிவைத்த பசி அணை உடைந்த வெள்ளமெனப் பெருகுகின்றது. வழக்கமாக உண்ணும் சோற்றின் இரட்டிப்பு உள்ளே செல்கின்றது. பத்து நாளில் முயற்சி கைவிடப்படுகின்றது. "என் உடல்வாகு அப்படி" என்ற ஆறுதல் மட்டும் எஞ்சுகின்றது.

உடல்வாகின்மீதும் மனவுறுதியின்மீதும் பழி சுமத்துவதற்கு முன், உண்ணும் முறையைச் சற்றே நோக்குதல் வேண்டும். பசியைப் பகைத்துக்கொண்டு எவரும் நெடுநாள் வாழ இயலாது. மெலிய விரும்புவோரும் வயிறார உண்ணவே வேண்டும். எதனைக்கொண்டு வயிற்றை நிரப்புவது என்பதே வினா. அதனை இவ்வாரம் ஆராய்வோம்.

இது வெறும் அழகு பற்றிய பேச்சன்று. 2005, 2006 ஆம் ஆண்டுகளில் இலங்கையின் ஏழு மாகாணங்களில் நடந்த பெரும் ஆய்வொன்றில், 20 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுள் நூற்றுக்குப் பத்துப்பேருக்கு நீரிழிவு இருக்கக் காணப்பட்டது. போர்க்காலமாதலின் வடக்கும் கிழக்கும் அக்கணக்கிற் சேரவில்லை. சேர்ந்திருப்பின் நாம் தப்பியிருப்போம் என்று எண்ணுவதற்கு நம் இலைச்சோறு இடந்தருவதாயில்லை. தென்னாசிய மக்களுக்கு, ஆணின் இடைச்சுற்று 90 சென்ரிமீற்றரையும் பெண்ணின் இடைச்சுற்று 80 சென்ரிமீற்றரையும் எட்டினால் அபாயம் தொடங்குகிறது எனச் சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் வரையறுத்துள்ளது. தையற்பெட்டியிலுள்ள நாடாவை எடுத்து அளந்து பார்த்தால் நம் நிலை நமக்கே விளங்கும்.

தீவகத்து மக்களுக்கு இவ்விடயம் மேலும் பாரதூரமானது. நெடுந்தீவிலோ நயினாதீவிலோ வாழ்பவர், ஊர் வைத்தியசாலையில் ஆகாத சிகிச்சைக்குக் கடலைக் கடந்தே யாழ்ப்பாணம் வரவேண்டும். நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவான் துறைக்கு வர ஏறக்குறைய ஒரு மணி நேரம் படகில் இருத்தல் வேண்டும். காற்றும் கடலும் இசையாத நாளில் அந்த ஒரு மணி நேரமும் நம் கையில் இல்லை. வந்தபின் தீர்ப்பது கடினமாகிய நோயை வராமற் காப்பதற்கு, கடல் சூழ்ந்த ஊரில் அடுக்களையே முதல் வைத்தியசாலை.

நயினாதீவு என்றதும் மணிமேகலைக் காப்பியம் நினைவுக்கு வருதல் இயல்பே. மணிமேகலை அமுதசுரபியைப் பெற்ற மணிபல்லவம் இத்தீவே என அறிஞர் சிலர் கொள்வர். அம்மன் கோயிலின் அன்னதான மண்டபமும் அமுதசுரபி என்னும் பெயரையே தாங்கி நிற்கின்றது. அக்காப்பியத்திற் காயசண்டிகை என்றொருத்தி வருகின்றாள். முனிவரின் சாபத்தால் யானைத்தீ என்னும் அடங்காப் பசிநோய் அவளைப் பற்றுகின்றது. எவ்வளவு உண்டும் தணியாத அப்பசி, அமுதசுரபியில் வந்த உணவை உண்டதும் தணிகின்றது. காப்பியக் கதை ஒருபுறம் இருக்க, உண்ட அளவு வேறு, பசி தணிதல் வேறு என்பதை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர் என்பது இதனாற் புலனாகின்றது.

இக்கால ஆராய்ச்சியாளரும் இதனை அளந்து பார்த்துள்ளனர். 1995 ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவின் சிட்னிப் பல்கலைக்கழகத்தில் சூசன்னா ஹோல்ற் என்பவரும் அவர்தம் துணைவரும் 38 வகை உணவுகளை, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 240 கலோரி அளவில், மக்களுக்கு உண்ணக் கொடுத்துப் பசி எவ்வளவு தணிகின்றது எனப் பதிவு செய்தனர். வெள்ளைப் பாணுக்கு 100 புள்ளி என வைத்துக்கொண்டால், அவித்த உருளைக்கிழங்கு 323 புள்ளி பெற்று முதலிடத்தில் நின்றது. வெண்ணெய் மிகுந்த குரொய்சன்ற் என்னும் பணிகாரம் 47 புள்ளியுடன் கடையில் நின்றது. கலோரி ஒன்றே, வயிறு உணர்ந்த நிறைவோ ஏழு மடங்கு வேறுபட்டது. நீரும் நாரும் புரதமும் மிகுந்த உணவு வயிற்றை நிறைக்கின்றது. கொழுப்பு மிகுந்த உணவு சிறிய உருவில் வந்து நிறைய கலோரியைத் தந்துவிட்டுப் போகின்றது.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்திற் பார்பரா றோல்ஸ் என்பவர் குழுவினர் 1999 ஆம் ஆண்டில் மற்றொன்றைக் காட்டினர். உணவுடன் ஒரு கிண்ணம் தண்ணீரைத் தனியாகக் குடிப்பது, பின்னர் உண்ணும் அளவைக் குறைக்கவில்லை. அதே தண்ணீரை உணவுடன் சேர்த்துச் சூப்பாக்கிக் கொடுத்தபோது, அடுத்து உண்ட அளவு குறைந்தது. 2007 ஆம் ஆண்டில் அவர்கள் செய்த ஆய்விலோ, மதிய உணவுக்கு முன் காய்கறிச் சூப் அருந்தியவர்கள் உட்கொண்ட மொத்தக் கலோரி ஐந்திலொரு பங்கு குறைந்திருந்தது. இரசத்தையும் சொதியையும் கூழையும் அறிந்த நமக்கு இது புதுமையன்று. சோற்றின் முடிவில் ஊற்றும் இரசத்தைத் தொடக்கத்தில் ஒரு கோப்பை அருந்துவதே நாம் செய்யவேண்டிய மாற்றம்.

இனி, நம் கோப்பையிற் கலோரி எங்கே ஒளிந்திருக்கின்றது எனப் பார்ப்போம். சமைத்த சோறு 100 கிராமில் ஏறக்குறைய 130 கலோரி உண்டு. புடலங்காய், சுரைக்காய், நீற்றுப்பூசணி, கீரை ஆகியவற்றில் அதே நிறைக்கு 15 முதல் 25 கலோரியே உண்டு. ஆயினும் தேங்காய்ப்பூ 100 கிராமில் 350 கலோரியும், ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரியும் உள்ளன. ஆகவே "நான் காய்கறிதான் உண்கிறேன்" என்று கூறுவதனாற் பயனில்லை. கத்தரிக்காயை எண்ணெயிற் பொரித்துக் குழம்பாக்கினால் அது பஞ்சுபோல எண்ணெயை உறிஞ்சிவிடும். பின்னர் நாம் உண்பது கத்தரிக்காயின் பெயரைத் தாங்கிய எண்ணெயையே.

இரண்டு மதிய உணவுகளை ஒப்பிடுவோம். முதலாவது, முக்காற் சுண்டு அரிசிச் சோறு, அதாவது 400 கிராம், கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு, முதற்பாற் சொதி, பொரித்த அப்பளம் இரண்டு. இதன் கலோரி ஆயிரத்தைத் தாண்டும். இரண்டாவது, சுண்டின் மூன்றிலொரு பங்கு அரிசிச் சோறு, அதாவது 180 கிராம். கீரைக்கடையல் 150 கிராம். பூசணிக்காய் வெள்ளைக்கறி 150 கிராம். ஒருபிடி பாசிப்பருப்புச் சேர்த்த புடலங்காய் வறை. ஒரு கிண்ணம் மோர். இதன் கலோரி ஏறக்குறைய 600. நிறையிலோ இரண்டாவது உணவே முதலாவதைவிட மிகுதியாயிருக்கும். கோப்பை நிறைந்திருக்கின்றது, வயிறும் நிறைகின்றது, கலோரி மட்டும் நானூறு குறைகின்றது. நாள்தோறும் இவ்வளவு குறைந்து, இரவில் அது திரும்பி வராதிருப்பின், மாதத்தில் ஒன்றரைக் கிலோவளவில் உடல் இளைக்கும். அதனினும் விரைந்து இளைக்க வேண்டுமென்று ஆசைப்படல் வேண்டா.

சமைக்கும் முறைகளிற் சிலவற்றைக் கூறுவோம்.

கீரையை வெட்டுவதற்கு முன்பே கழுவுக. வெட்டியபின் கழுவினால் சத்தின் ஒருபகுதி நீருடன் போய்விடும். சிறிது நீரில் பச்சைமிளகாய், வெங்காயம், உள்ளி இட்டு அவித்துக் கடைந்து, இறக்கியபின் தேசிக்காய்ப் புளி விடுக. எண்ணெய் வேண்டியதில்லை.

வறைக்குத் தேங்காய்ப்பூ அள்ளி இடுவது நம் வழக்கம். நால்வருக்கு ஆக்கும் வறைக்கு நான்கு மேசைக்கரண்டி போதும். தேங்காயை முற்றாக விலக்குதலும் தவறு. கீரையிலும் பூசணியிலும் கரட்டிலும் உள்ள, உயிர்ச்சத்து ஏ ஆக மாறும் மஞ்சட்பொருளை உடல் ஏற்பதற்குச் சிறிது கொழுப்பு வேண்டும். ஓர் எளிய உபாயம் உண்டு: தேங்காய்ப்பூவை அடுப்பிலிருந்து இறக்கும் தறுவாயிற் தூவினால், குறைந்த அளவே நிறைந்த மணந்தரும்.

சொதிக்கும் வெள்ளைக்கறிக்கும் முதற்பாலை விடுத்துக் கப்பிப்பாலைக் கொள்க. கறி தடிப்பாயிருக்க வேண்டுமெனின், அவித்த மைசூர்ப்பருப்பை மசித்துச் சேர்க்கலாம். தடிப்போடு புரதமும் கிடைக்கும். கத்தரிக்காயைச் சுட்டுத் தோலுரித்து, வெங்காயமும் பச்சைமிளகாயும் தயிரும் கலந்து சம்பலாக்கினால், பொரித்த குழம்பை நாக்கு விரைவில் மறந்துவிடும். பாகற்காயைப் பொரிக்காது புளிவிட்டுக் குழம்பாக்கலாம். வல்லாரையைப் பச்சையாகவே சம்பல் செய்யலாம். மீன் உண்போர் பொரியலை விடுத்துப் புளிக்குழம்பாக்கி உண்க. தீவகத்தில் நல்ல மீனுக்குக் குறைவில்லை.

மரவள்ளி, உருளைக்கிழங்கு, வாழைக்காய், பலாக்காய் ஆகியவற்றைக் காய்கறி வரிசையிற் சேர்த்து ஏமாறலாகாது. அவை மாப்பொருள் மிகுந்தவை. அவற்றை உண்ணும் நாளிற் சோற்றை அந்த அளவுக்குக் குறைத்துக்கொள்ளலே முறை.

ஒடியற்கூழ் பற்றியும் ஒரு வார்த்தை. பயிற்றங்காய், பூசணி, முருங்கையிலை, பலாக்கொட்டை எனப் பலவும் இட்டு, பனையோலைப் பிளாவிற் சுடச்சுட அருந்தும் கூழில், ஒடியல் மா சிறிதும் நீரும் காயும் இலையும் பெரிதுமாய் உள்ளன. றோல்ஸ் அம்மையார் ஆய்வுகூடத்திற் கண்ட உண்மையைத் தீவகத்து முற்றங்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தன. கூழைச் சோற்றுக்குமேல் ஓர் உபசாரமாகக் கொள்ளாது, அன்றைய மதிய உணவாகவே கொள்க. மாவைக் குறைத்து இலைவகையைக் கூட்டுக.

"தீவிற் காய்கறிக்கு எங்கே போவது?" என வினவுவோர் உளர். நியாயமான வினாவே. உவர்க் கிணறும் கற்பாரும் உள்ள நிலத்தில் எல்லாப் பயிரும் விளைவதில்லை. படகேறி வரும் கோவாவும் போஞ்சியும் துறையை அடையுமுன் விலை ஏறியும் வாடியும் விடுகின்றன. ஆயினும் வேலியில் நிற்கும் முருங்கைக்குப் படகுக்கூலி இல்லை. மாரி மழை விழுந்ததும் முசுட்டை, முல்லை, குறிஞ்சா, சாரணை எனப் பல இலைகள் தாமே தளிர்க்கின்றன. பாத்திரம் கழுவிய நீரை வீணாக்காது விட்டால் நான்கு கத்தரியும் ஒரு பூசணிக்கொடியும் வளரும். வாரத்தில் நான்கு நாளேனும் வளவிலுள்ள இலையொன்று கோப்பையில் இடம்பெறுதல் வேண்டும்.

அதிகாலையில் எழுந்து படகேறிப் பாடசாலைக்கும் அலுவலகத்துக்கும் செல்வோரின் துன்பம், ஆசிரியத் தொழிலில் இருக்கும் நமக்கு நன்கு தெரியும். ஐந்து மணிக்குக் கட்டிய சோற்றைப் பன்னிரண்டு மணிக்கு அவிழ்க்கவேண்டும். பாற்கறி வெப்பத்திற் புளித்துவிடுமாதலின், அத்தகையோர் நீர் வற்றிய வறையையும் புளிக்குழம்பையும் அவித்த கடலையையும் கொண்டு செல்க. பெட்டியிற் சோறு இடுமுன் காய்கறியை இடுக. பாதியைக் காய்கறியும் காற்பங்கைக் கடலை, பருப்பு, மீன், முட்டை ஆகியவற்றுள் ஒன்றும் பிடித்துக்கொண்டால், எஞ்சிய காற்பங்கே சோற்றுக்குரியது. இடந்தானே அளவை வகுத்துவிடும். மனத்துடன் போராடும் வேலையில்லை.

வீட்டிலிருக்கும் தாய்மாருக்கு இன்னொன்று சொல்லவேண்டும். எல்லாரும் உண்டபின் இரண்டு மணிக்கு உண்ண அமரும் அவர்களுக்குப் பெரும்பாலும் மிஞ்சியிருப்பது சோறும் குழம்பின் அடியுமே. காய்கறிச் சட்டி வெறுமையாகியிருக்கும். வீணாகிவிடுமே என்று அச்சோற்றை முழுவதும் உண்பார்கள். நம் வீடுகளிற் பல தாய்மார் பருத்தும் சத்துக் குறைந்தும் இருப்பதற்கு இவ்வழக்கமும் ஒரு காரணம் என்றே கருதுகிறோம். பரிமாறத் தொடங்குமுன் தாயின் பங்கைக் காய்கறியுடன் எடுத்து மூடிவைத்தல் வேண்டும். அதனை அவரே செய்யமாட்டார். பிள்ளைகளும் கணவன்மாருமே செய்தல் முறை. மிஞ்சிய சோற்றைச் சேர்த்துவைக்கும் இடமாகத் தாயின் வயிறு இருத்தலாகாது.

இறுதியாக எச்சரிக்கை இரண்டு. நீரிழிவுக்குக் குளிசையோ இன்சுலினோ கொள்வோர் திடீரெனச் சோற்றைக் குறைத்தல் ஆபத்தாகும். குருதியிற் சீனியளவு மிகத் தாழ்ந்துவிடக்கூடும். வைத்தியரிடம் கேட்டு மருந்தின் அளவையும் அதற்கேற்ப அமைத்துக்கொள்ளல் வேண்டும். சிறுநீரக நோயுடையோரும் கீரையைக் கூட்டுமுன் வைத்தியரைக் கேட்கவேண்டும். கருவுற்றோர், பாலூட்டுவோர், வளரும் பிள்ளைகள் ஆகியோருக்கு மெலியும் முயற்சி ஏற்றதன்று. காய்கறி மட்டும் அவர்களுக்கும் உரியதே.

நாளை உலையேற்றுமுன் வீட்டில் எத்தனை சுண்டு அரிசி வேகிறது என அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அதிற் காற்பங்கைக் குறைத்து, அந்த இடத்துக்கு இன்னொரு சட்டி காய்கறியை ஏற்றுங்கள். முதல் வாரத்துக்கு அவ்வளவு போதும். இரவுணவை எவ்வாறு அமைப்பது என்பதை அடுத்த ஞாயிறு நோக்குவோம்.