காட்டு மண்ணும் குடத்து நீரும்

மட்டாஞ்சேரிக் கடைவீதியில் ஏலக்காய் மூட்டை பிரிக்கப்படும்போதெல்லாம், அது விளைந்த இடுக்கி மலைகளை நாம் நினைத்துக் கொள்கிறோம். அம்மலைக் காடுகளிலிருந்து இறங்கி வரும் பெரியாற்றை அவ்வளவாக நினைப்பதில்லை. கொச்சி நகரின் குடிநீருக்காக ஆலுவாவில் எடுக்கப்படுவது அவ்வாற்று நீரே. அந்த நீருக்கும் காட்டு மண்ணில் வாழும் நுண்ணுயிர்களுக்கும் உள்ள உறவை இம்மாதம் பார்ப்போம்.

உதிர்ந்த இலை மக்கும்போது அம்மோனியா உண்டாகிறது. சில நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாக மாற்ற, வேறு சில அதனை நைட்ரேட்டாக்குகின்றன. ரஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி 1890-ஆம் ஆண்டளவில் இவற்றைத் தனியே பிரித்துக் காட்டினார்.

இவ்வுயிர்கள் எங்கும் ஒரே வேகத்தில் உழைப்பதில்லை. காற்றும், அளவான ஈரமும், வெப்பமும் இவற்றுக்கு வேண்டும். மழைநீர் தேங்கி மண்ணில் காற்று அற்றுப் போனால் வேலை நின்றுவிடும். புளிப்பு மண் இவற்றுட் பலவற்றுக்கு ஒவ்வாது. கேரளத்துச் செம்மண்ணோ பெரும்பாலும் புளிப்புடையது. ஆயினும் ஆர்க்கியா என்னும் வேறோர் இனமும் இத்தொழிலைச் செய்வதாக 2005-இல் உறுதியாயிற்று. புளிப்பு மண்ணில் அவ்வினத்தின் பங்கு பெரிது என்று பின்னர் அறியப்பட்டது.

இவற்றோடு மற்றுமொரு கட்டுப்பாடு உண்டு. அதுவே மரத்தின் வேர். அம்மோனியாவில் பெரும்பங்கை வேர்கள் முந்திக்கொண்டு உண்டுவிடுகின்றன. உண்டாகும் நைட்ரேட்டையும் விடுவதில்லை. மரம் போய்விட்டால் நுண்ணுயிர்களுக்கு இரை மிகுகிறது. விளைந்த நைட்ரேட்டை உண்பாரில்லை. அம்மோனியாவைப் போல அது மண்ணைப் பற்றி நிற்பதுமில்லை; மழையோடு ஓடிவிடும்.

அமெரிக்காவில் ஹப்பர்ட் புரூக் என்னுமிடத்தில் இது சோதித்தறியப்பட்டது. 1965-இன் இறுதியில் ஓர் ஓடையைச் சூழ்ந்த காடு முழுவதும் வெட்டப்பட்டது. மீண்டும் தளிர்க்காதபடி மருந்தும் தெளிக்கப்பட்டது. விரைவிலேயே ஓடைநீரின் நைட்ரேட்டு குடிநீருக்குரிய வரம்பைக் கடந்தது. காட்டின் உரமும் கழிந்தது; நீரும் கெட்டது.

நம் நாட்டுக் குடிநீரில் ஒரு லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட்டே வரம்பு. மிகுந்தால், அந்நீரில் கரைத்த பாலை உண்ணும் கைக்குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழக்கும்; நீரைக் காய்ச்சினாலும் நைட்ரேட்டு நீங்காது.

நாம் பிறந்த ஊர் எதுவாயினும், நம் மக்கள் குடித்து வளர்வது இம்மலைகளின் நீர். ஆகவே, மலைக்காடு பற்றிய பேச்சு எழும்போது, அது காட்டு இலாகாவின் கவலை என்று நாம் ஒதுங்கியிருத்தல் ஆகாது. அது நம் அடுக்களைக் குடத்தைப் பற்றிய பேச்சுமாகும்.