வானத்தில் ஒரு மணி, தரையில் ஆறு மணி

அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில் இருந்து பெங்களூருக்கு, வழியில் எங்கும் இறங்காமல் ஏர் இந்தியா விமானம் ஒன்று பறந்து வந்தது. 2021 ஜனவரி 9-ந்தேதி சனிக்கிழமை இரவு அங்கே புறப்பட்ட விமானம், 11-ந்தேதி திங்கட்கிழமை அதிகாலை இங்கே இறங்கியது. தேதி இரண்டு நகர்ந்தாலும் பறந்த நேரம் சுமார் 17 மணிதான். மீதி, இரு ஊர்க் கடிகாரங்களுக்கும் உள்ள பதின்மூன்றரை மணி வித்தியாசம். கேப்டன் சோயா அகர்வால் தலைமையில் பெண் விமானிகளே வட துருவப் பகுதி வழியாக ஓட்டி வந்தார்கள். இரு நகரங்களுக்கும் இடையே நேர் தூரம் சுமார் 14 ஆயிரம் கிலோமீட்டர்!

பாராட்ட வேண்டிய சாதனைதான். ஆனால் பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் வேலை செய்யும் தமிழரின் கணக்கு வேறு. "அப்பாவுக்கு உடம்பு மோசம், உடனே வா" என்று சென்னையில் இருந்து செய்தி வருகிறது. கடன் வாங்கியாவது விமான டிக்கெட் எடுக்கிறார். பறக்கும் நேரம் ஒரு மணிதான். ஆனால் ஊருக்குத் தென்கோடியில் இருக்கும் அவர், வடகோடியில் உள்ள தேவனஹள்ளி விமான நிலையத்துக்குச் சுமார் 60 கிலோமீட்டர் போக வேண்டும். நெரிசலில் இரண்டு, மூன்று மணி ஆகிவிடும். அங்கே சோதனைக்கும் காத்திருப்பதற்கும் இரண்டு மணி. சென்னையில் இறங்கி வீடு போய்ச் சேர மேலும் ஒரு மணி. கூட்டிப் பார்த்தால், அத்திப்பள்ளியில் பஸ் ஏறியவரும் ஏறக்குறைய அதே நேரத்தில் போய்ச் சேர்ந்திருப்பார்!

2008 மே மாதம் வரை நகருக்குள்ளேயே உள்ள எச்.ஏ.எல். விமான நிலையத்தில் இருந்தே பயணிகள் விமானங்கள் பறந்தன. பழையது திரும்ப வேண்டும் என்பதல்ல இங்கே பேச்சு. தரைவழி நேரத்தைக் குறைக்கத்தான் கேட்கிறார்கள்.

2025 ஆகஸ்ட் 10-ந்தேதி ஆர்.வி.ரோடு - பொம்மசந்திரா மெட்ரோ ரெயில் பாதை திறக்கப்பட்டது. அது சில்க் போர்டு வழியாகச் செல்கிறது. அங்கிருந்து விமான நிலையத்துக்குத் திட்டமிடப்பட்ட நீலப் பாதையுடன், பெட்டி படுக்கையோடு வருகிறவர்கள் சிரமமின்றி மாறி ஏற வசதி வேண்டும். அதிகாலை விமானத்தைப் பிடிக்க முதல் ரெயில் முன்கூட்டியே புறப்பட வேண்டும். விமான நிலைய பஸ்களும் ஆலை ஷிப்டு முடியும் நேரத்தை அனுசரித்து ஓட வேண்டும்.

ஓசூரில் 2 ஆயிரம் ஏக்கரில் விமான நிலையம் அமைக்கப்படும் என்று 2024 ஜூன் மாதம் தமிழக சட்டசபையில் அறிவிக்கப்பட்டது. பொம்மசந்திராவுக்கு ஓசூர் கூப்பிடு தூரம். ஆனால் தேவனஹள்ளி நிலையத்துக்கான ஒப்பந்தம், 2033 வரை 150 கிலோமீட்டர் சுற்றளவில் புதிய விமான நிலையத்துக்குத் தடையாக நிற்கிறது. மத்திய அரசும் இரு மாநில அரசுகளும் கலந்து பேசினால் இதற்கு வழி பிறக்காமல் போகாது. எல்லைக்கு இருபுறமும் உழைப்பவர்கள் பயன் பெறுவார்கள்.

பயண நேரத்தை விமானம் கிளம்பும் நிமிடத்தில் இருந்து கணக்கிடுவது கம்பெனிகளின் வழக்கம். தொழிலாளிக்கோ வீட்டுக் கதவைப் பூட்டிய நிமிடத்தில் இருந்தே பயணம் தொடங்கிவிடுகிறது. அந்தக் கணக்கைப் பார்த்து அரசுகள் ஆவன செய்ய வேண்டும்.