தூணுக்கு விலை இருக்கிறது, கூரைக்கு?

மாமல்லபுரம் ஐந்து ரதத்துக்குப் போகிறவர்கள் திரௌபதி ரதத்தின் முன்னால் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். அடுத்த முறை போனால் அதன் கூரையைக் கொஞ்சம் நின்று பாருங்கள். அது ஓலைக் குடிசையின் கூரை. ஏழாம் நூற்றாண்டில் இந்தப் பக்கத்து ஜனங்கள் குடியிருந்த மாதிரியான ஒரு குடிசையைப் பாறையில் செதுக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறான் பல்லவன். இரண்டு ரதம் தள்ளி இருக்கும் பீம ரதமும் அப்படித்தான். மரச்சட்டம் வளைத்துக் கூரை போட்ட நீளமான கூடத்தின் கல் நகல் அது. நகல் பத்திரமாக இருக்கிறது, 1984 முதல் யுனெஸ்கோ பட்டியலிலும் இருக்கிறது. அசல் வீடுகளில் ஒன்றுகூட மிச்சமில்லை.

நம் வழக்கமே இதுதான் என்று எனக்குத் தோன்றும். கோயில் என்றால் கும்பாபிஷேகம் செய்து காப்பாற்றுவோம். கோட்டை என்றால் இடிந்தவரை இடியட்டும் என்று விட்டுவைப்போம். வீடு என்றால் ஜேசிபியைக் கூப்பிடுவோம்.

நான் சொல்லவந்தது பல்லவன் காலத்து வீடு அல்ல. ஏழாம் எட்வர்ட் ராஜா ஆண்ட காலத்து வீடு. 1901 முதல் 1910 வரை, ஒன்பது வருஷம்தான் அவர் ஆண்டார். அந்தச் சமயத்தில்தான் மெட்ராஸில் எழும்பூர் ஸ்டேஷனும் (1908) விக்டோரியா நினைவு மண்டபமும் (1909) எழுந்தன. அந்த மண்டபத்துக்கு வரைபடம் போட்டவர் ஹென்றி இர்வின். கட்டியவர் நம்பெருமாள் செட்டியார். பெரிய கட்டடங்களில் வேலை பார்த்த கொத்தனாரும் தச்சரும் அந்தப் பழக்கத்தை ஊர் வீடுகளுக்கும் கொண்டுவந்தார்கள். வக்கீல், மிராசுதார், ரயில்வே உத்தியோகஸ்தர் என்று கையில் நாலு காசு சேர்ந்தவர்கள் செங்கல்பட்டு போன்ற ஊர்களில் கட்டிய மாடி வீடுகள் அப்படி வந்தவைதான். உள்ளே நம் பாட்டன் முப்பாட்டன் வீடு: திண்ணை, நடை, கூடம், முற்றம், இரண்டாங்கட்டு, கிணற்றடி, கொல்லை. வெளியே தெருவைப் பார்த்த முகம் மட்டும் சீமைப் பாணி: அரைவட்ட வளைவு, சுதையில் கொடியும் பூவும், வார்ப்பிரும்புக் கிராதி, கலர் கண்ணாடி போட்ட ஜன்னல். சில வீடுகளில் உத்திரத்துக்குப் பதில் இரும்பு கர்டர் இருக்கும். அண்ணாந்து பார்த்தால் 'டார்மன் லாங், மிடில்ஸ்பரோ' என்ற கம்பெனி முத்திரை தெரியும். பர்மா தேக்கு, மங்களூர் ஓடு, இங்கிலாந்து இரும்பு, நம் ஏரிக்கரைச் செங்கல் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே சேர்ந்திருக்கும். இதைக் கலப்படம் என்று மூக்கைச் சுளிப்பவர்களும் உண்டு. எனக்கு அது குறையாகத் தெரிவதில்லை. தெருவுக்கு ஒரு முகமும் வீட்டுக்கு ஒரு மனசும் வைத்துக்கொண்ட தலைமுறை, தன்னைப் போலவே வீட்டையும் கட்டிக்கொண்டது.

இந்த வீடுகளுக்கு இப்போது திடீரென்று மவுசு வந்திருக்கிறது. அங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம் தாண்டி மாமல்லபுரம் வரை ரிசார்ட்டுகளில் நுழைந்து பாருங்கள். வாசலில் பழைய தேக்குக் கதவு, வரவேற்பறையில் வழுவழுப்பான தூண் நாலு, ஊஞ்சல் பலகை, பித்தளைக் குமிழ். 'ஹெரிடேஜ்' என்று பெயர். அந்தக் கதவு எந்தத் தெருவில், எந்த வீட்டில் இருந்தது என்று கேட்டால் அங்கே யாருக்கும் தெரியாது. ஒரு வீடு இடிந்தால்தான் ஒரு கதவு கடைக்கு வரும். இதை யாரும் யோசிப்பதில்லை.

முப்பத்துச் சொச்சம் வருஷம் பொதுப்பணித் துறையில் கட்டடப் பிரிவில் குப்பை கொட்டியவன் என்ற உரிமையில் சொல்கிறேன். இந்த வீடுகளின் அருமை கதவிலும் தூணிலும் இல்லை, தலைக்கு மேலே இருக்கிறது. 'மெட்ராஸ் டெரஸ்' என்று எங்கள் துறைப் புத்தகங்களிலேயே பெயர் வாங்கிய கூரை அது. முதலில் தேக்குச் சட்டங்களை ஒன்றரை அடிக்கு ஒன்று என்ற கணக்கில் பரப்புவார்கள். அதன்மேல் ஆறு அங்குல நீளம், மூன்று அங்குல அகலம், ஓர் அங்குல கனத்தில் டெரஸுக்கென்றே சுட்ட சிறு செங்கல்லை நிமிர்த்தி நிறுத்தி, மூலைவாட்டில் சுண்ணாம்புக் காரை வைத்து ஒட்டிக்கொண்டே போவார்கள். கீழே பலகை முட்டு எதுவும் இருக்காது. ஒரு கல்லை அடுத்த கல் பிடித்துக்கொள்ளும். அது இறுகியதும் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று நாலு அங்குலம் கொட்டுவார்கள்.

அதற்குப் பிறகுதான் முக்கியமான வேலை. பத்து இருபது பெண்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து, கையில் மரக்கட்டையோடு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து நாள்கணக்கில் அடிப்பார்கள். கட்டை மேலே துள்ள வேண்டும், தளத்தில் தழும்பு விழக்கூடாது. அதுவரை அடி நிற்காது. பாட்டும் நிற்காது. அதன்மேல் தட்டோடு பதித்து முடிப்பார்கள். சுவர்ப்பூச்சுக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பு. கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கருவும் தயிரும் சேர்த்துத் தேய்த்துத் தேய்த்துப் பளிங்கு மாதிரி ஆக்குவார்கள். பன்னிரண்டு அடி உயரத்தில் அப்படி ஒரு கூரையும், நடுவில் ஒரு முற்றமும் இருந்தால் கத்திரி வெயிலில்கூட மதியம் பாயை விரித்துத் தூங்கலாம். என் மகன் கட்டிய கான்கிரீட் வீட்டில் ராத்திரி பதினோரு மணிக்கும் சீலிங் அனல் அடிக்கிறது, ஏசி இல்லாமல் முடியவில்லை.

அந்தக் கூரையைக் கழற்ற முடியாது. விஷயமே இதுதான். தூணைக் கழற்றலாம், கதவைக் கழற்றலாம். டெரஸ் முழுக்க ஒரே வில்லை. கடப்பாரை பட்டால் அது வெறும் ரப்பீஸ்தான்.

முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். அதைக் குறைசொல்ல மாட்டேன். டெபோரா தியாகராஜன் என்ற அம்மா முனைந்து, லாரி பேக்கர் வடிவமைத்துக் கொடுக்க, பென்னி குரியகோஸ் கட்ட, 1996-ல் திறந்த இடம். இடிபடவிருந்த வீடுகளைப் பல ஊர்களிலிருந்து பிரித்துக் கொண்டுவந்து அங்கே திரும்ப நிறுத்தியிருக்கிறார்கள். கேரளத்துக் கிறிஸ்தவர் வீட்டைப் பார்த்தால் மலைத்துப்போவீர்கள். ஆனால் அது மரவீடு. ஆணியைவிட மூட்டும் பொருத்தும் அதிகம். பிரித்தால் பூட்டலாம். நம் ஊர் டெரஸ் வீட்டுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. ஒன்று அது தன் தெருவிலேயே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எங்கேயும் இருக்காது.

அப்படியென்றால் சட்டம் என்ன செய்கிறது? சென்னையில் பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை 2006-ல் இடிக்க ஆரம்பித்தபோது இன்டாக் அமைப்பு கோர்ட்டுக்குப் போய்த் தடுத்தது. 2010-ல் உயர் நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பில் 467 இடங்கள் கொண்ட பாரம்பரியப் பட்டியல் ஒன்று பேசப்பட்டது. 2012-ல் தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டமும் வந்தது. நல்லதுதான். ஆனால் 467 என்பது சென்னைக் கணக்கு. செங்கல்பட்டு 2019-ல் தனி மாவட்டம் ஆனது. அதன் பழைய தெருக்களில் எத்தனை டெரஸ் வீடு நிற்கிறது என்று யாராவது எண்ணிப் பார்க்க வேண்டாமா? எங்கள் தெருவில் நானே எண்ணினேன். வேலைக்குச் சேர்ந்தபோது பதினொன்று. இப்போது மூன்று.

வீட்டுக்காரர்களைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. அண்ணன் தம்பி ஐந்து பேர், அக்கா தங்கை இரண்டு பேர், ஒருவர் அமெரிக்காவில், ஒருவர் அம்பத்தூரில். பாகம் பிரிக்க வேண்டும். இடத்துக்கு விலை ஏறிக் கிடக்கிறது. வீட்டுக்கு மதிப்பு பூஜ்யம் என்று பத்திரத்திலேயே எழுதுகிறார்கள். இப்படி இருக்கும்போது பாரம்பரியத்தைக் காப்பாற்றுங்கள் என்று ஒரு விதவை அம்மாவிடம் போய்ச் சொல்ல நாம் யார்? நஷ்டம் முழுக்க அவர்கள் தலையில், பெருமை மட்டும் ஊருக்கு என்றால் அது நியாயமில்லை. பம்பாயில் 1995 விதிகளிலேயே பாரம்பரியக் கட்டடத்துக்காரர் தாம் கட்டாமல் விட்ட மாடிகளுக்கான உரிமையை வேறு இடத்தில் கட்டுபவருக்கு விற்றுக்கொள்ள வழிசெய்தார்கள். பக்கத்திலேயே பாண்டிச்சேரியில் வைசியாள் வீதியைப் பாருங்கள். தமிழ் வீடுகளின் தெருமுகத்தை வரிசையாகச் சரிசெய்தார்கள், 2008-ல் யுனெஸ்கோ விருதும் கிடைத்தது. திண்ணையும் தாழ்வாரமும் உள்ள சாதாரணத் தெரு அது, அரண்மனை ஒன்றும் இல்லை. இங்கே குறைந்தபட்சம் சொத்துவரியையாவது தள்ளுபடி செய்யலாம். சுண்ணாம்பு வேலைக்குப் பாதிச் செலவு கொடுக்கலாம்.

வீட்டை வைத்துக்கொள்ள நினைக்கிறவர்களுக்குத் துறைக்காரனாக ஒரு வார்த்தை. டெரஸ் ஒழுகினால் மேலே சிமெண்ட் போடாதீர்கள். சுண்ணாம்பு வெயிலுக்கும் மழைக்கும் கொஞ்சம் நெகிழும், மூச்சுவிடும். சிமெண்ட் நெகிழாது. இரண்டு கோடையில் விரிசல் விடும். விரிசலில் இறங்கிய தண்ணீர் மேலே ஆவியாகப் போக வழியில்லாமல் கீழே தேக்குச் சட்டத்தின் நுனியில், சுவருக்குள் புதைந்த இடத்தில் போய் நிற்கும். அங்கே உளுத்தால் கூரையே உட்காரும். 'நூறு வருஷம் ஆகிவிட்டது, ஆயுசு முடிந்தது' என்று இன்ஜினியர் சர்டிபிகேட் கொடுப்பார். ஆயுசை முடித்தது மேலே போட்ட ஒரு அங்குல சிமெண்ட். அரசங்கன்று முளைத்திருந்தால் வெட்டினால் போதாது, வேரோடு எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு வைத்து அடையுங்கள். சுவருக்கு பிளாஸ்டிக் பெயிண்டும் அடிக்காதீர்கள், உப்புப் பூத்துப் பொறுக்குப் பொறுக்காக உதிரும்.

மிச்சமிருக்கும் மூன்றில் ஒன்று எங்கள் எதிர்வீடு. எட்வர்ட் காலத்தில் கட்டியது என்று அவர்கள் தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். போன மாதம் ஒரு வியாபாரி வந்து கூடத்துத் தூண் நாலுக்கும் வாசற்கதவுக்கும் விலை பேசிவிட்டுப் போனார். அந்த வீட்டு அண்ணனுக்கு எழுபத்தெட்டு வயசு.

"தூணை எடுத்துட்டா மேல இருக்கிறது எதுல நிக்கும்னு கேட்டேன்பா. அது எப்படியும் இடிக்கிறதுதானே சார்ங்கறான்" என்றார்.

தை வரைக்கும் யோசிக்கிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாராம். நானும் அவர் பேரனும் ஞாயிற்றுக்கிழமைகளில் டேப் பிடித்து அந்த வீட்டை அளந்து வருகிறோம். தரைப்படம் முடிந்தது. முற்றத்து வெட்டுத்தோற்றம் பாதி ஆகியிருக்கிறது. மாடிப்படி கொஞ்சம் ஆட்டம் காண்பதால் என்னை மேலே ஏறவிட மாட்டேன் என்கிறான், கூரை அளவெல்லாம் அவன்தான் எடுக்கிறான்.