எல்லையில் நிற்கும் பல்கலைக்கழகம், எல்லை தாண்டும் விளம்பரம்

இடுக்கி மாவட்டம் தேவிகுளம் வட்டத்தில், மறையூருக்கு மேலே அமைந்த மலை ஊராட்சி காந்தலூர். இங்கு பூண்டு பயிரிடும் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. காந்தலூர் - வட்டவடைப் பூண்டுக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒன்றியச் சுற்றுலா அமைச்சகத்தின் சிறந்த கிராமத்துக்கான தங்க விருதை 2023இல் இவ்வூர் பெற்றது. ஊரின் பெயருக்கு இன்று சந்தையில் மதிப்பு உண்டு. அந்த மதிப்பு விளைவித்தவரைச் சேர வேண்டுமானால் கணக்கும் வணிகமும் சட்டமும் அறிந்த இளைஞர்கள் உழவர் குடும்பங்களிலிருந்தே வர வேண்டும். வணிக மேலாண்மைப் படிப்பு பெருநிறுவன அதிகாரிகளுக்கு மட்டும் உரியதன்று. கூட்டுறவுச் சங்கச் செயலாளருக்கும் அது தேவை.

வேலையை விட்டு அன்றாடம் கல்லூரிக்குச் சென்றுவர இயலாதவருக்குத் தொலைநிலைக் கல்வியே கைக்கெட்டும் வழி. அவ்வழியில் இரண்டு தடைகள் நிற்கின்றன.

முதலாவது, நுழைவுத் தேர்வு பற்றிய மயக்கம். எம்.பி.ஏ. என்றதும் கேட், சிமேட், கே-மேட், டான்செட் என்று தேர்வுகள் வரிசை கட்டுகின்றன. 2024ஆம் ஆண்டு கேட் தேர்வுக்கான விண்ணப்பக் கட்டணம் மட்டுமே 2500 ரூபாய். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு 1250 ரூபாய். வினாத்தாள் ஆங்கிலத்தில் மட்டுமே. பயிற்சி மையங்கள் வாங்கும் தொகை தனி. இத்தேர்வுகள் அளப்பது அறிவை மட்டுமன்று. பயிற்சிக்குச் செலவிடும் வசதியையும் சேர்த்தே அளக்கின்றன.

நுழைவுத் தேர்வு இல்லாத பட்டம் தரமற்றது என்ற கருத்தும் பரப்பப்படுகிறது. உண்மை வேறு. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் எம்.பி.ஏ. சேர்க்கைக்கு ‘ஓப்பன்மேட்’ தேர்வை நடத்திவந்தது. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் ஒப்புதலை 2021இல் பெற்றபோது அத்தேர்வைக் கைவிட்டது. நுழைவுத் தேர்வு போயிற்று. பட்டத்தின் மதிப்பு போகவில்லை. பிரிட்டனில் தொழிற்கட்சி ஆட்சியில் 1969இல் தோன்றிய திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் மாணவரிடம் முன்தகுதி கேட்கவில்லை. அதற்கு வழிவகுத்த அமைச்சர் ஜென்னி லீ நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகள். வாயில் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும், தரம் உள்ளே காக்கப்பட வேண்டும் என்பதே அதன் கோட்பாடு.

இரண்டாவது தடை, எல்லை. 1956 மொழிவழி மாநிலச் சீரமைப்பில் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் அமைந்தன. சின்னாறு சோதனைச் சாவடியைக் கடந்தால் உடுமலைப்பேட்டை. ஆனால் தமிழ்நாட்டு அரசுப் பல்கலைக்கழகம் எதுவும் சாவடிக்கு இப்பால் தொலைநிலைக் கல்வி மையம் திறக்க முடியாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020ஆம் ஆண்டு விதிமுறைகள் மாநில எல்லையை மீற அனுமதிப்பதில்லை. அதே விதிமுறைகளின்படி இணையவழிப் பட்டத்துக்கு எல்லை கிடையாது. எனவே அரசுப் பல்கலைக்கழகம் சாவடியில் நிற்கிறது. தனியார் பல்கலைக்கழகத்தின் விளம்பரமோ காந்தலூர் இளைஞரின் கைபேசிக்குள் நுழைந்துவிடுகிறது. ‘நுழைவுத் தேர்வு இல்லை, வகுப்பு இல்லை, தவணையில் கட்டலாம்’ என்று அது அழைக்கிறது. நுழைவுத் தேர்வால் விலக்கப்பட்டவரே இந்த வணிகத்தின் வாடிக்கையாளர். இரண்டும் ஒரே சந்தையின் இரு கடைகள்.

இச்சந்தையில் ஏமாந்தவர் கொடுத்த விலை பெரிது. உரிய ஒப்புதலின்றி நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தொலைநிலையில் வழங்கிய பொறியியல் பட்டங்களை 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. தனியார் நிறுவனங்கள் மட்டுமே இதில் சிக்கின என்றும் சொல்ல இயலாது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்புகளுக்கான ஒப்புதல் 2014-15 கல்வியாண்டோடு முடிந்துவிட்டது என்று 2022இல் மானியக் குழு அறிவித்தது. இரு நிகழ்வுகளிலும் சுமை, கட்டணம் கட்டிய மாணவர் தலையிலேயே விழுந்தது.

ஆகவே கிளைத் தோழர்களும் மாணவர், இளைஞர் அமைப்புகளும், சேர்க்கைக் காலத்தில் குடும்பங்களுக்குத் துணை நிற்க வேண்டும். பணம் கட்டுமுன் மூன்று கேள்விகளுக்கு விடை தேடித் தரலாம். அப்பல்கலைக்கழகத்துக்கு, அந்தப் படிப்புக்கு, அந்த ஆண்டுக்கு மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு ஒப்புதல் தந்திருக்கிறதா? கல்வி மையமும் தேர்வு மையமும் எங்கே, பாடநூல் எம்மொழியில்? தேர்வுக் கட்டணம் உட்பட மொத்தச் செலவு எவ்வளவு, அது யாருடைய கணக்குக்குச் செல்கிறது? தொலைநிலைக் கல்வியை முகவர்களுக்குக் குத்தகைக்கு விட விதிகளில் இடமில்லை. தனிநபர் கணக்கில் பணம் கேட்பவரை அங்கேயே நிறுத்திவிடலாம்.

விழிப்புணர்வு மட்டும் போதாது. இடது ஜனநாயக முன்னணி அரசு 2020 அக்டோபர் 2 அன்று கொல்லத்தில் ஸ்ரீநாராயண குரு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கியது. உயர்கல்வியை அரசின் பொறுப்பாகக் காக்கும் முயற்சி அது. அதன் பயன் கொல்லத்திலிருந்து மறையூர், காந்தலூர், வட்டவடை வரை ஏறி வர வேண்டும். இப்பகுதிக்கென்று கல்வி மையமும் தேர்வு மையமும் வேண்டும். மொழிச் சிறுபான்மையினரான தமிழ் மாணவர்களுக்குத் தமிழில் பாடநூலும் தமிழில் தேர்வெழுதும் உரிமையும் வேண்டும். இரு மாநில அரசுப் பல்கலைக்கழகங்களும் எல்லைப் பகுதிகளில் கைகோத்துச் செயல்பட மானியக் குழு விதிகளைத் திருத்த வேண்டும்.

விளம்பரம் கடக்கும் எல்லையைக் கல்வி உரிமையும் கடந்தாக வேண்டும். அதுவரை ‘எந்தப் படிப்பைத் தேர்ந்தெடுப்பது’ என்ற கேள்வி தனியொரு குடும்பத்தின் கவலையன்று, இயக்கத்தின் கடமை.