பெட்டியில் அடங்காத ஆயத்தம்

கனடாவிலே பிறந்து வளர்ந்த என் மகள்வயிற்றுப் பேர்த்தி, வருகின்ற ஆடி மாதம் முதன்முறையாக வேலணைக்கு வரவிருக்கின்றாள். "அம்மப்பா, இவ்வளவும் போதுமோ?" என்று கேட்டு ஒரு பட்டியல் அனுப்பியிருந்தாள். நுளம்புக்குப் பூசும் களிம்பு, வயிற்றோட்ட மருந்து, நீரைத் தூய்மையாக்கும் வில்லை, மலேரியாத் தடுப்பு மாத்திரை என நாற்பது பொருள்கள். வளர்முக நாடொன்றுக்குச் செல்வோர்க்கென யாரோ பொதுவாக வகுத்த பட்டியல் அது. படித்ததும் சிரிப்பு வந்தது. மறுகணமே, 1981 இல் நான் கட்டிய றங்குப்பெட்டி நினைவுக்கு வந்தது, சிரிப்பு அடங்கிற்று.

எண்ணெய் வருவாயைக் கொண்டு நைஜீரியா பள்ளிகளைப் பெருக்கிய காலம் அது. ஆசிரியர் போதாமையால் அந்நாடு பிறநாட்டாரை அழைத்தது. யாழ்ப்பாணத்திலிருந்து சென்றோருள் நானும் ஒருவன். மஞ்சள் காய்ச்சலுக்கு ஊசி போட்டுச் சான்றிதழ் பெற்றேன். குளோரோகுயின் மாத்திரையும் நுளம்புவலையும் வாங்கினேன். ஒடியல் மாவும் மிளகாய்த்தூளும் என் தாயார் கட்டித் தந்தார். பெட்டி நிறைந்தது. ஆயின் நான் செல்லும் நாட்டைப் பற்றி ஒரு நூலேனும் படித்தேனல்லேன்.

நான் சேர்ந்தது கிழக்கே, இக்போ மக்கள் வாழும் சிற்றூர்ப் பள்ளியொன்றில். ஆங்கிலம் கற்பிப்பது என் பணி. பதினாறு வயது மாணவர்க்கு, 'என் முதல் நினைவு' என்று கட்டுரை எழுதக் கொடுத்தேன். பலர் பசியைப் பற்றியே எழுதியிருந்தனர். ஒருவன், தன் தங்கையர் இருவரும் உணவின்றி ஒரே கிழமையில் இறந்ததை எழுதியிருந்தான். வாசகரை உருக்குவதற்காகப் பையன் கதை புனைகின்றான் என்று எண்ணினேன். 'கற்பனை மிகை' என்று ஓரத்தில் சிவப்பு மையால் எழுதினேன்.

மறுநாள் முதிய ஆசிரியர் ஒருவர் அந்தக் கொப்பியோடு என்னிடம் வந்தார். 1967 முதல் 1970 வரை நிகழ்ந்த பயாபராப் போரையும், உணவு வரும் வழிகள் அடைக்கப்பட்டதையும், பட்டினியால் இலட்சக்கணக்கானோர் மாண்டதையும் பொறுமையோடு சொன்னார். "எந்த நாட்டுக்கு வருகின்றோம் என்று அறியாமலா வந்தீர்கள்?" என்று மட்டும் கேட்டார். நான் அம்மாணவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் தலைகுனிந்து நின்றான். அந்தச் சிவப்பு எழுத்தை அழிக்க என்னால் இயலவில்லை.

அதன் பின்னரே, இக்போ மக்களின் வாழ்வைச் சொல்லும் சினுவா அச்சேபேயின் 1958ஆம் ஆண்டு நாவலைத் தேடிப் படித்தேன். பிற்காலத்தில் என். கே. மகாலிங்கம் அதனைச் 'சிதைவுகள்' எனத் தமிழாக்கினார். அந்நூலுக்கு என் றங்குப்பெட்டியில் இடம் இல்லாமற் போகவில்லை; என் மனத்திலேதான் இடம் இருக்கவில்லை.

1983 ஆடியில் நம் நாட்டுச் செய்தி வானொலியில் வந்த மாலை, அதே முதிய ஆசிரியர் அவித்த கிழங்கோடு என் வீட்டுக்கு வந்தார். ஒன்றும் கேட்கவில்லை; நெடுநேரம் உடனிருந்தார். எதைக் கேளாதிருப்பது என்பதும் அறிவினால் வருவதே.

வேலணைக்கு அண்மையில், கரம்பொனில் 1913 இல் பிறந்தவர் தனிநாயகம் அடிகளார். அவர் தம் பயண நூலுக்கு இட்ட பெயர் 'ஒன்றே உலகம்'. தமிழின் பெருமையை உலகெங்கும் எடுத்துச் சென்றவர் என்று அவரைப் போற்றுகின்றோம். பிற மக்களின் மொழிகள் பலவற்றைக் கற்றவர் என்பதை ஏனோ மறந்துவிடுகின்றோம்.

ஆதலால் பேர்த்திக்கு இவ்வாறு எழுதினேன்: மருத்துவரைக் கேள், ஊசிகளைத் தவறவிடாதே. மலேரியா ஒழிந்த நாடென இலங்கையை உலக சுகாதார நிறுவனம் 2016 இல் அறிவித்துவிட்டது. அஞ்ச வேண்டியது டெங்கு. அந்த நுளம்பு பகலிலே கடிக்கும். அதற்குத் தடுப்பு மாத்திரை கிடையாது. தீவகத்துக் கிணறுகள் பலவற்றில் உவர்நீரே ஊறும். நீ குளிக்கும் ஒவ்வொரு வாளி நன்னீரும் யாரோ ஒருவரின் உழைப்பு. நெடுந்தீவுக்குப் படகேறுமுன், குமுதினிப் படகில் வந்தோர் பலர் 1985 மே 15 அன்று இக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டதை அறிந்துகொள். கூரையற்று நிற்கும் வீடுகளைப் படம் பிடிக்குமுன், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இங்குள்ளோர் ஏன் பெயர்ந்தனர் என்று உன் அம்மாவைக் கேள். "அம்மம்மா, சுகமா இருக்கிறியளோ?" என்று பிழையின்றிச் சொல்லப் பழகு.

இவற்றை நாற்பது பொருட் பட்டியல் எதுவும் சொல்லாது. சொல்ல வேண்டியவர்கள் நாமே. ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு என ஒவ்வோர் ஊர்க்கும் பதினாறு பக்கக் கைந்நூல் ஒன்றை ஆசிரியரும் மாணவரும் இலக்கிய வட்டத்தாரும் சேர்ந்து எழுதலாகாதா? ஊரின் நீர், மொழி, வழிபாடு, இழப்பு ஆகிய நான்கும் அதில் இருந்தாற் போதும். வரும் பிள்ளைகளின் கேமராக்களைக் குறைகூறுமுன், அவர்கள் கையில் நாம் எதைக் கொடுத்தோம் என்று கேட்டுப் பார்ப்போம்.

அறியாமல் வருவோர் கையில் எப்போதும் ஒரு சிவப்புப் பேனை இருக்கின்றது. அதனை நான் ஒருமுறை பிடித்திருக்கின்றேன்.